நடவாள் கூலியும் உழவாள் கூலியும்

ஒரே கிராமத்தில், ஒரே நாளில் வேலைசெய்யும் நால்வருக்கு நான்குவிதக் கூலி கொடுக்கப்படுவதை நிலமுடையோர் யாவரும் அறிவர். தென்னை ஏறுவோருக்கு மரக்கணக்கில் கூலி. வரப்பு வெட்டுவோருக்கு நாட்கூலி. நாற்று நடும் பெண்டிருக்கு அதனினும் குறைவு. அறுவடை இயந்திரம் ஓட்டிவரும் வெளியூர் வாலிபருக்கோ இவர்கள் எல்லோரினும் அதிகம். இவ்வித்தியாசம் எதனால் உண்டாகிறதென்று ஆராயாமல், ஆள் கிடைக்கவில்லையே என்று வருந்துவதில் பயனில்லை.

ஆடம் ஸ்மித் என்னும் ஸ்காத்லாந்து தேசத்துப் பொருளாதார அறிஞர் 1776-ஆம் வருஷம் வெளியிட்ட நூலில் இதற்கு ஐந்து காரணங்கள் கூறினார். வேலையின் கடுமை, அதனைக் கற்பதிலுள்ள சிரமம், அது நிலையாகக் கிடைக்குமா என்பது, வேலையாள்மீது வைக்கும் நம்பிக்கை, தொழிலில் வெற்றி பெறுவதன் நிச்சயம் ஆகியவை அவை. மரமேறுவதில் உயிருக்கு அபாயமும் பழக்கமும் சேர்ந்திருப்பதால் கூலி உயர்கிறது. மூன்றாவது காரணமே நமக்கு மிக முக்கியம். வயல்வேலை வருஷத்தில் சில மாதங்களே உண்டு. அம்மாதங்களின் கூலி மற்ற மாதங்களுக்கும் சோறிட வேண்டும். நடவுக்காலத்தில் அதிகம் கேட்கிறார்களென்று முறையிடுவோர், சித்திரை மாதத்தில் அவ்வாட்களின் அடுப்பைச் சென்று பார்ப்பதில்லை.

ஆயினும் பெண்டிர் கூலிக்கு இக்காரணங்கள் பொருந்தவில்லை. குனிந்த முதுகு நிமிராமல் சேற்றில் நின்று நடுவது எளிதன்று. கைப்பழக்கமின்றிச் செய்யவும் இயலாது. வரப்பு வெட்டுவது நான்கு நாள் தாமதித்தால் பெருநஷ்டமில்லை. நடவு தாமதித்தால் மகசூலே குறையும். இருந்தும் கூலி குறைவானேன்? வீடும் குழந்தைகளும் உள்ள பெண்ணுக்கு ஊரைவிட்டுப் போகும் வழி அரிது. ஆடவர் பட்டணத்துக்கோ திருப்பூர்ப் பனியன் தொழிற்சாலைக்கோ போய்விடுவர். போக இடமில்லாதார் பலர் ஒரே வேலைக்குக் கூடுமிடத்தில் கூலி தாழ்கிறது. வேலையின் மதிப்பு அதனால் தாழ்ந்துவிடவில்லை.

2006-ஆம் வருஷம் தொடங்கிய தேசிய ஊரக வேலை உறுதித் திட்டம் இதனை வெளிப்படுத்திற்று. அதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே விகிதம் வைக்கப்பட்டது. தமிழ்நாட்டில் அவ்வேலைக்கு வந்தவருள் மிகப் பெரும்பாலோர் பெண்களே. வேறு வழி ஒன்று திறந்தவுடன் வயற்கூலியும் உயர்ந்தது. இதனைச் சோம்பேறித்தனம் என்று ஏசிய மிராசுதார்கள் உண்டு. விலை அதிகம் கிடைக்கும் சந்தைக்குத் தம் நெல்லைக் கொண்டுபோகும்போது அவர்கள் தம்மை அவ்வாறு ஏசிக்கொள்வதில்லை.

கூலியில் பழக்கமும் பலமும் புகுவதுண்டு. தஞ்சை ஜில்லாவில் பண்ணையாட்கள் கடனாலும் குடியிருப்பு மனையாலும் ஒரே பண்ணையில் கட்டுண்டு கிடந்தனர். கட்டுண்டவர் அதிகக் கூலி கேட்பதெங்ஙனம்? 1952-ல் பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் பிறந்தது. அதன் பின்னரும் பூசல் ஓயவில்லை. அறுவடைக்கு வெளியூர் ஆட்களைக் கொணர்ந்தது அதனை மேலும் வளர்த்தது. 1968 டிசம்பர் 25-ல் கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்து மாண்டனர். மறுவருஷமே கீழத்தஞ்சைக்கு நியாயக் கூலிச் சட்டம் வந்தது. மரக்கால் நெல்லில் தொடங்கிய வழக்கு எங்கே சென்று முடிந்தது என்பதைக் கிராம அலுவலர்கள் மறத்தலாகாது. கூலித் தகராறு சிறியதாயிருக்கும்போதே இரு தரத்தாரையும் அழைத்துப் பேசுவித்தல் நலம்.

இனி நிலமுடையோர் கணக்குப் பார்க்கவேண்டிய இடம் ஒன்றுண்டு. குறுவையில் குறுகிய வயதுள்ள நெல்லின் நாற்றை ஏறக்குறைய 25 நாளுக்குள் பறித்து நடவேண்டும். தலைக்குச் சில ரூபாய் குறைக்க எண்ணி ஒரு வாரம் காத்திருந்தால் நாற்று முற்றித் தூர் கட்டுவது குறையும். மிஞ்சிய கூலியைவிடக் குறைந்த நெல்லே பெரிதாயிருக்கும். மொத்தமாகப் பேசி நடவிடுவோர் மற்றொன்றையும் கவனிக்க. ஏக்கருக்கு இவ்வளவென்று மிகக் குறைத்துப் பேசினால், ஆட்கள் விரைந்து முடிக்கும் பொருட்டுக் கலக்க நடுவர். 15-க்கு 10 சென்டிமீட்டர் இடைவெளியானால் சதுர மீட்டருக்கு 66 குத்துகள் இருக்கவேண்டும். நல்ல கூலி பேசி, நடவு நடக்கும்போதே வயலில் நாலைந்து இடங்களில் எண்ணிப் பார்த்துக்கொள்க. கரையேறிய பின் குறை சொல்லிக் கூலியைப் பிடிப்பது வேண்டாம்.