பின் சக்கரம் ஓடும்போது என்ன செய்கிறது?

கிட் கார்னு சொன்னதும் பலருக்கு ஞாபகம் வருவது லோட்டஸ் செவன். 1957-ல் காலின் சாப்மன் கொண்டுவந்த கார். பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டினால், அன்றைய பிரிட்டனில் பர்ச்சேஸ் டாக்ஸ் கட்ட வேண்டாம். அதனால் செம டிமாண்ட். ஆனால் நாமே பூட்டும் வண்டியில் ஒரு சிக்கல் இருக்கு: அதை டெஸ்ட் பண்ண வேண்டியதும் நாமேதான்.

எனக்கு இது புரிந்தது காலேஜில். நாங்கள் செய்தது கிட் கார் இல்லை, மாணவர் ஃபார்முலா கார். ஆனால் பிரச்சனை அதேதான். வண்டி ஓட்டிய நண்பன், "ரைட்ல திரும்பும்போது மட்டும் பின்னாடி ஏதோ ஆடுதுடா"ன்னு சொன்னான். நான் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினேன். "சிமுலேஷன்ல எல்லாம் சரியா இருக்கு மச்சான், நீ ஸ்டீயரிங்கை ரொம்ப ஒடிக்கிற."

ஸ்பிரிங்கைக் கழற்றி, ஜாக்கியால் சக்கரத்தை மேலும் கீழும் நகர்த்தியும் அளந்தோம். எல்லாம் சரி. அவன் மட்டும் சமாதானம் ஆகவில்லை. அதனால் ஓடும்போதே பார்ப்போம்னு முடிவு பண்ணினோம்.

முதல் வழி, ஒரு ரூபாய் கேபிள் டை. வண்டி நிற்கும்போது டாம்பர் கம்பியில் கட்டி, டாம்பரின் உடலோடு ஒட்டித் தள்ளி வைக்க வேண்டும். டாம்பர் அமுங்கினால் டை தள்ளப்படும், திரும்பி வராது. ஓட்டி முடித்து நடுவில் உள்ள இடைவெளியை அளந்தால், அதிகபட்சம் எவ்வளவு அமுங்கியது என்று தெரியும். ஆனால் அது டாம்பரின் அசைவு, சக்கரத்தின் அசைவு இல்லை. சக்கரம் 50 மில்லிமீட்டர் ஏறும்போது டாம்பர் 30 அமுங்கினால், விகிதம் 0.6. டையில் 18 மில்லிமீட்டர் இடைவெளி என்றால் சக்கரம் ஏறியது 30.

எப்போது அமுங்கியது, எந்தத் திருப்பத்தில்? அதை டை சொல்லாது. அதற்குத்தான் இரண்டாவது வழி, கேமரா. அதை சேஸியில் இறுக்கிப் பூட்டணும். அப்போது படத்தில் சேஸி அசையாமல் நிற்கும், சக்கரம் மட்டும் ஆடும். பின்னால் ஒரு ஸ்கேல் ஒட்டிக்கொண்டால் அளவும் கிடைக்கும். கரடுமுரடான பாதையில் சக்கரம் வினாடிக்கு 10 முறைக்கு மேல் துள்ளலாம். அதனால் ஸ்லோ மோஷன், 240 ஃபிரேம். கழன்று விழாமல் இருக்க ஒரு கயிறும் கட்டணும். பொது ரோட்டில் வேண்டவே வேண்டாம். மூடிய மைதானம் மட்டும்.

முதலில் கேமராவைப் பின்பக்கம் வைத்தோம். மேல் கீழ் அசைவு சரியாகவே இருந்தது. அப்புறம் மேலிருந்து கீழே பார்க்கிற மாதிரி மாட்டினோம். ரைட்டில் திரும்பும்போது இடது பின் சக்கரத்தின் மேல் எடை கூடும். அந்த நேரத்தில் அந்தச் சக்கரத்தின் முன்விளிம்பு லேசாக வெளியே திரும்பியது. அதாவது டிரைவர் கேட்காமலே பின் சக்கரம் தானாக ஸ்டீயர் பண்ணுது! வண்டியின் பின்பகுதி வெளியே வீசுவது அதனால்தான்.

சக்கரத்தின் திசையைப் பிடித்து வைக்கும் கம்பியின் பிராக்கெட்டைத் துடைத்துப் பார்த்தோம். வெல்டிங்கில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல். நிற்கும் வண்டியை ஜாக்கியால் தூக்கும்போது பக்கவாட்டு விசையே இல்லை, அதனால் பிராக்கெட் வளையவில்லை. என் சிமுலேஷனிலோ பிராக்கெட் வளையவே வளையாதுன்னு நானே எழுதி வைத்திருந்தேன். இரண்டும் பொய் சொல்லவில்லை. நான் கேட்ட கேள்விதான் தப்பு.

இன்னும் சில ரவுண்டு போயிருந்தால் அது முழுசா உடைந்திருக்கலாம். உள்ளே உட்கார்ந்திருந்தது அவன், நான் இல்லை. மன்னிப்பு கேட்டேன். "முதல்ல வெல்ட் பண்ணுடா"ன்னான்.

இப்போது ஆபீஸில் யாராவது பக் சொன்னால், "என் மெஷின்ல ஓடுதே"ன்னு சொல்ல வாய் வரும்போது அந்த வீடியோதான் ஞாபகம் வருது. நீங்களும் வண்டி கட்டுறவங்களா இருந்தால், இன்றைக்கே ஒரு கேபிள் டை கட்டிப் பாருங்க. ஓட்டுகிறவர் சொல்வதையும் கேளுங்க. அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.