பூமிக்குள் அடுப்பு! வீட்டுக்குள் வெந்நீர்!

வெளியே பனி கொட்டுகிறது. வீட்டுக்குள் கதகதப்பு. விறகு இல்லை, கரி இல்லை, புகையும் இல்லை! குழாயைத் திறந்தால் வெந்நீர் வருகிறது.

இது ஐஸ்லாந்து நாட்டில் தினமும் காணும் காட்சி. ஐரோப்பாவுக்கு வடமேற்கே, கடல் நடுவே உள்ள தீவு அது. அங்கே எரிமலைகள் அதிகம். தரைக்குக் கீழே பாறைகள் நெருப்பாய்ச் சுடுகின்றன. மழைநீர் பாறை இடுக்குகளில் இறங்கி, சூடேறி, வெந்நீர் ஊற்றாக மேலே வருகிறது.

துணி துவைத்த ஊற்று

அந்த நாட்டின் தலைநகரம் ரெய்க்யவிக். முன்பு அந்த ஊர்ப் பெண்கள் அழுக்கு மூட்டையைச் சுமந்து, சுமார் 3 கிலோமீட்டர் நடப்பார்கள். வெந்நீர் ஊற்றில் துணி துவைத்துத் திரும்புவார்கள். வீட்டில் குளிர் காய்வதற்கோ, கப்பலில் வந்த நிலக்கரியை எரித்தார்கள். ஊரெங்கும் கரும்புகை!

அந்த வெந்நீரை ஊருக்கே கொண்டு வந்தால் என்ன என்று யோசித்தார்கள். 1930-ம் ஆண்டில் குழாய் போட்டார்கள். முதலில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வெந்நீர் போயிற்று. பிறகு வீடுகளுக்கும் போயிற்று.

1973-ல் உலகெங்கும் எண்ணெய் விலை ஏறியது. எண்ணெய் எரித்து வந்த மற்ற ஊர்களும் வெந்நீருக்கு மாறின. இன்று 10 வீடுகளில் சுமார் 9 வீடுகளுக்குப் பூமியின் சூடுதான் கதகதப்பு தருகிறது.

வண்டிக்கு இரண்டு மாடு

மின்சாரத்துக்கு அவர்களுக்கு இரண்டு வழி. 10 பங்கில் சுமார் 7 பங்கை ஆற்று நீர் கொடுக்கிறது. மீதியைப் பூமிக்குள்ளிருந்து வரும் நீராவி கொடுக்கிறது. வண்டிக்கு இரண்டு மாடு போல!

எரிமலை வைத்த சோதனை

2024-ம் ஆண்டு பிப்ரவரி 8-ந் தேதி. நாட்டின் தென்மேற்கே எரிமலை வெடித்தது. நெருப்புக் குழம்பு ஓடி வந்து வெந்நீர்க் குழாயை அழித்தது. 20 ஆயிரத்துக்கும் அதிகமான மக்களுக்கு வெந்நீர் நின்றது. அதுவோ கடும் குளிர்காலம்!

நல்ல வேளை, மின்சாரம் இருந்தது. மின்சார ஹீட்டர் வைத்துச் சமாளித்தார்கள். ஆனால் எல்லாரும் ஒரே நேரத்தில் போட்டால் மின்கம்பி தாங்குமா? சிக்கனமாக இருக்கும்படி அதிகாரிகள் வேண்டிக் கொண்டார்கள். இரவு பகலாக வேலை நடந்தது. சில நாட்களில் வெந்நீர் திரும்பி வந்தது.

சூட்டைக் கொடுத்த பூமியே ஒரு நாள் அதைத் தடுத்தும் விட்டது. கைகொடுத்தது இன்னொரு வழி. ஒரே கிணற்றை நம்பி ஊர் இருக்கலாமா?