கொள்கலன் கொத்துகளின் தாங்குதிறன்

மேகக் கணிமையில், கொள்கலன் கொத்தின் தாங்குதிறன் என்பது ஒரு தரவு மையம் முழுவதும் செயலிழந்தாலும், அதில் இயங்கிய சேவைகள் வேறு மையங்களிலிருந்து தொடரும் தன்மை ஆகும். கொள்கலன் என்பது ஒரு செயலியையும் அதற்குத் தேவையான கோப்புகளையும் ஒன்றாகக் கட்டிய பொதி. இத்தகைய பொதிகளைப் பகிர்ந்து இயக்கும் கணினிகளின் தொகுதி கொத்து எனப்படும். கொத்துகளை மேலாள, கூகுள் நிறுவனம் 2014 ஆம் ஆண்டில் திறமூலமாக வெளியிட்ட குபர்நெட்டீஸ் பரவலாகப் பயன்படுகிறது.

தேவை

2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்திராஸ்பூர்க் நகரில், ஓவிஎச் நிறுவனத்தின் வளாகத்தில் தீ விபத்து ஏற்பட்டது. அங்கிருந்த நான்கு தரவு மையங்களுள் ஒன்று முற்றாக அழிந்தது. மற்றொன்றின் ஒரு பகுதி எரிந்தது. எஞ்சிய இரண்டும் நிறுத்தப்பட்டன. உயிரிழப்பு ஏதும் இல்லை. எனினும், காப்பு நகல்களையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர் சிலர் தம் தரவுகளை நிலையாக இழந்தனர். நகல்களின் எண்ணிக்கையை விட அவை இருக்கும் இடமே முதன்மையானது என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

வலயங்கள்

மின்சாரம், குளிரூட்டல், பிணையம் ஆகியவற்றைத் தனித்தனியே கொண்ட மையங்கள் வலயங்கள் எனப்படுகின்றன. ஒளியிழையில் ஒளி ஒரு மில்லிநொடியில் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் செல்லும். எனவே 100 கிலோமீட்டர் தொலைவுக்குச் சென்று திரும்ப ஒரு மில்லிநொடி போதும். தொலைவு மிகுந்தால் தரவை உடனுக்குடன் படியெடுப்பது மெதுவாகும். இதனால் ஒரே கொத்தின் வலயங்கள் பொதுவாக ஒரே வட்டாரத்தில் அமைக்கப்படுகின்றன.

பெரும்பான்மை விதி

குபர்நெட்டீஸ் தன் நிலைத்தரவை எட்சிடி என்னும் தரவுத்தளத்தில் சேமிக்கிறது. இதன் உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இயங்கினால் மட்டுமே புதிய பதிவுகள் ஏற்கப்படும். மூன்று உறுப்பினர்களை இரு வலயங்களில் பிரித்தால், ஒன்றில் இருவர் இருப்பர். அவ்வலயம் வீழ்ந்தால் பெரும்பான்மை இழக்கப்படும். மூன்று வலயங்களில் ஒவ்வொருவராக வைத்தால் எது வீழ்ந்தாலும் இருவர் எஞ்சுவர்.

பணிகளும் தரவும்

தொடர்பு அறுந்த கணினியிலுள்ள பணிகளை அகற்றுமுன் குபர்நெட்டீஸ் இயல்பிருப்பாக ஐந்து நிமிடங்கள் காத்திருக்கும். ஆகவே சேவையின் படிகள் முன்கூட்டியே எல்லா வலயங்களிலும் இயங்குதல் வேண்டும். ஒரு வலயத்திற்கு மட்டும் உரிய சேமிப்பு வட்டை வேறு வலயத்தில் இணைக்க இயலாது. எனவே தரவையும் வலயங்களுக்கிடையே படியெடுத்தல் இன்றியமையாதது.

கொள்ளளவு

எஞ்சும் வலயங்கள் முழுச் சுமையையும் ஏற்க வேண்டும். 12 கணினிகளின் வேலைக்கு, மூன்று வலயங்களில் ஆறு வீதம் 18 கணினிகள் தேவை. இரு வலயங்கள் மட்டும் எனில், பன்னிரண்டு வீதம் 24 தேவைப்படும்.

வரம்புகள்

தவறான கட்டளையால் அழிந்த தரவு எல்லாப் படிகளிலும் அழியும். ஆதலால் வலயப் பரவல் காப்பு நகலுக்கு மாற்றாகாது. தொலைவிலுள்ள வேறொரு வட்டாரத்தில் காப்பு நகல் வைத்தலும், அதிலிருந்து மீட்டுப் பார்த்தலும் தேவையாகின்றன.