ஏற்றத்தில் எழும் சந்தேகம்

கடலோரக் கருக்களாச்சேரியில் சைக்கிள் மிதிப்பவருக்கு மேடு கிடையாது, காற்றுதான் உண்டு. கொண்டல் வீசும் நேரத்தில் கடலைப் பார்த்து மிதித்தால் தொடை எரியும். திரும்பி வரும்போது அதே காலும் அதே வண்டியும் பறக்கும். சமதரையில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவரின் உழைப்பில் பெரும்பங்கு காற்றை விலக்கவே செலவாகிறது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றுக்குக் கொடுக்க வேண்டிய திறன் எட்டு மடங்காகிவிடும். முன்னால் இன்னொருவர் போனால் சுமை சட்டென்று குறைந்துவிடும். அதனால் இந்தக் கரையோரச் சாலையில் ஒருவர் எத்தனை நிமிடத்தில் வந்தார் என்பதை வைத்து அவர் உடலின் வலுவைக் கணிக்க வழியில்லை.

மலையில் வழி உண்டு. அங்கே வேகம் குறைவு என்பதால் காற்றின் பங்கு சுருங்கி, புவியீர்ப்பே முதன்மையாகிறது. எடை, உயரம், நேரம் மூன்றும் தெரிந்தால் பள்ளிக்கூட இயற்பியல் போதும். பிரான்சின் ஆல்ப் துவேஸ் மலைச்சாலை 13.8 கிலோமீட்டர் நீளம்; 21 கொண்டை ஊசி வளைவுகள்; ஏற்றம் ஏறத்தாழ 1,100 மீட்டர். 1990களில் இத்தாலியப் பந்தய வீரரான மார்கோ பண்டானி அதைச் சுமார் முப்பத்தேழரை நிமிடத்தில் ஏறினார். 65 கிலோ எடையுள்ள ஒருவர் 8 கிலோ சைக்கிளோடு அதே நேரத்தில் ஏற வேண்டுமென்றால், உயரத்தை வெல்ல மட்டும் 350 வாட் வேண்டும். காற்றும் டயர் உராய்வும் சேர்ந்தால் சுமார் 400 வாட். அதாவது உடல் எடையில் கிலோவுக்கு 6 வாட்டுக்கும் மேல். பயிற்சியில்லாத ஆரோக்கியமான இளைஞர் இதில் பாதியை அரை மணி நேரம் தாங்குவதே கடினம்.

இப்படிப்பட்ட கணக்குதான் சந்தேகத்தைக் கிளப்புகிறது. 2024 ஜூலையில் ஸ்லோவேனியாவின் ததெய் பொகச்சார் பிளாத்தோ தெ பெய் மலையில், 1998இல் பண்டானி எடுத்த நேரத்தை மூன்றரை நிமிடத்துக்கும் மேலாகக் குறைத்தார். ஊக்கமருந்து மலிந்திருந்த அந்தக் காலத்துச் சாதனையையே ஒருவர் முறியடித்தால் கேள்வி வராமல் இருக்காது. ஆனால் பொகச்சார் எந்தச் சோதனையிலும் சிக்கியதில்லை. இடைப்பட்ட கால் நூற்றாண்டில் டயர், சைக்கிள், உடை எல்லாமே மாறிவிட்டன. மணிக்கு 100 கிராமுக்கு மேல் மாவுச்சத்து உட்கொள்ளக் குடலையே பழக்குகிறார்கள். அணித்தோழர்கள் அடிவாரத்திலிருந்தே வேகம் கூட்டிக் கொடுக்கிறார்கள். கடிகாரம் கேள்வி கேட்கலாம். தீர்ப்புச் சொல்ல அதற்குத் தகுதியில்லை என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

தீர்ப்புக்கு இரத்தத்திடம்தான் போக வேண்டும். தசைக்கு ஆக்சிஜன் கொண்டுபோவது சிவப்பணுக்கள். அவற்றைப் பெருக்கச் சொல்லும் ஹார்மோன் எரித்ரோபாய்ட்டின், சுருக்கமாக ஈ.பி.ஓ. சிறுநீரக நோயாளிகளுக்காகச் செயற்கையாகத் தயாரித்த அந்த மருந்தைப் பந்தய வீரர்கள் ஊசியில் ஏற்றிக்கொண்டார்கள். உடலே சுரப்பதைப் போன்ற பொருள் என்பதால் கண்டுபிடிக்கும் சோதனை பல ஆண்டுகள் இல்லாமலே இருந்தது. எனவே 1997இல் சர்வதேச சைக்கிள் சங்கம் ஓர் எல்லை வைத்தது: இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 50 விழுக்காட்டைத் தாண்டினால் பந்தயத்தில் இடமில்லை. 1999இல் இத்தாலியச் சுற்றுப் பந்தயத்தை வெல்லும் நிலையில் இருந்த பண்டானிக்கு 52 வந்தது, வெளியேற்றினார்கள். ஆனால் அந்த எல்லையே ஓர் ஓட்டையாகவும் ஆனது. இயல்பில் 42 உள்ளவர் 49 வரை ஏற்றிக்கொண்டு தப்பிக்கலாம் அல்லவா?

2008இல் வந்த உயிரியல் பாஸ்போர்ட் அந்த ஓட்டையை அடைக்க முயன்றது. இதில் ஒருவரை ஊரோடு ஒப்பிடுவதில்லை, அவருடைய பழைய இரத்தத்தோடு ஒப்பிடுகிறார்கள். எடுத்து வைத்த சொந்த இரத்தத்தைப் பந்தயத்துக்கு முன் ஏற்றிக்கொண்டால், போதுமான அணுக்கள் இருக்கின்றன என்று நினைத்து எலும்பு மஜ்ஜை உற்பத்தியைக் குறைக்கிறது. ஹீமோகுளோபின் உயர்ந்திருக்க, இளம் சிவப்பணுக்கள் மட்டும் குறைந்திருப்பதே அதைக் காட்டிக்கொடுக்கும் தடயம்.

கடிகாரம் ஏமாறும் மறுபக்கத்துக்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. திருச்சி மாவட்டம் முடிகண்டத்தைச் சேர்ந்த கோமதி மாரிமுத்து, 2019 ஏப்ரல் 22 அன்று தோகாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியின் 800 மீட்டர் ஓட்டத்தில் 2 நிமிடம் 02.70 விநாடியில் தங்கம் வென்றார். பெண்களுக்கான உலக சாதனை 1 நிமிடம் 53.28 விநாடி. அதைவிட ஒன்பது விநாடிக்கு மேல் பின்தங்கிய நேரத்தைப் பார்த்து யாரும் புருவம் உயர்த்த மாட்டார்கள். சிறுநீர் மாதிரியில்தான் நாண்ட்ரோலோன் என்ற ஸ்டீராய்டின் எச்சம் கிடைத்தது. இந்த எச்சம் கர்ப்ப காலத்தில் பெண்ணுடலில் தானாகவும் சிறிதளவு உண்டாகக்கூடும். அதைப் பிரித்தறியக் கார்பன் அணுக்களை எடைபோட்டுப் பார்க்கும் சோதனை உண்டு. சோயா போன்ற தாவரங்களிலிருந்து செய்த ஸ்டீராய்டில் கனமான கார்பன்-13 சற்றுக் குறைவு. மனித உடல் உண்டாக்கியதில் கூடுதல். தெரிந்து எதையும் உட்கொள்ளவில்லை என்று கோமதி மறுத்தார். ஆனாலும் பதக்கம் பறிபோனது. 2023 மே வரை நான்காண்டுத் தடை விழுந்தது.

இந்த வழக்கில் என்னை அதிகம் வருத்துவது தேதிகள். 2019 மார்ச் 18 அன்று பாட்டியாலாவில், ஃபெடரேஷன் கோப்பையின்போதே, அவரிடம் மாதிரி எடுத்திருந்தார்கள். அதன் முடிவு உடனே வந்திருந்தால் அவர் தோகாவுக்கே போயிருக்க மாட்டார் என்று இந்தியத் தடகளச் சம்மேளனமே சொன்னது. அதே ஆண்டு ஆகஸ்டில் டெல்லியின் தேசிய ஊக்கமருந்துச் சோதனைக்கூடத்தின் அங்கீகாரத்தை உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை நிறுத்திவைத்தது. திரும்பக் கிடைத்தது 2021 டிசம்பரில். 2023இல் இந்தியாவில் சோதித்த 5,606 மாதிரிகளில் 213இல் தடைசெய்யப்பட்ட பொருள் தெரிந்தது. கிராமத்திலிருந்து ஓடிவரும் பிள்ளைகளுக்கு மாவட்டப் போட்டியிலேயே சோதனை நடக்க வேண்டும். ஊட்ட மாவிலும் ஊசியிலும் என்ன இருக்கிறது என்று சொல்லித்தர மைதானத்திலேயே ஒருவர் வேண்டும். எடுத்த மாதிரியின் முடிவு, அடுத்த போட்டிக்கு அவர்கள் புறப்படுவதற்குள் கைக்கு வர வேண்டும்.