ஒரு சொட்டு ஜெல்லுக்குள் புற்றுக்கட்டி

ஐஸில் வைத்திருக்கும்வரை தண்ணீராக ஓடும். 37 டிகிரி உடல்சூட்டுக்கு வந்துவிட்டால் கட்டியாக உறைந்துவிடும். வெண்ணெய்க்கு நேர் எதிரான இந்தப் பொருளின் பெயர் மேட்ரிஜெல். புற்றுக்கட்டிகளை ஆய்வகத்தில் முப்பரிமாணத்தில் வளர்ப்பவர்கள் பலருக்கும் இதுதான் விளைநிலம்.

நோயாளியின் கட்டியிலிருந்து எடுத்த சிறு துண்டைப் பொடியாக நறுக்கி, என்சைம் விட்டுப் பிரித்து, குளிர்ந்த ஜெல்லில் கலந்து, தட்டில் சொட்டுச் சொட்டாக வைக்கிறார்கள். உறைந்ததும் மேலே ஊட்டத் திரவம் ஊற்றுகிறார்கள். சில வாரங்களில் சொட்டுக்குள் குட்டி உருண்டைகள் திரண்டிருக்கும். இவைதான் ஆர்கனாய்டுகள்.

இத்தனை பாடு எதற்கு? 1951-இல் ஹென்ரியேட்டா லாக்ஸின் கட்டியிலிருந்து ஹீலா செல்கள் வந்த காலம் தொட்டு, புற்றுச் செல்களைப் பெரும்பாலும் தட்டையான பரப்பில்தான் வளர்த்து வந்தார்கள். அங்கே எல்லாச் செல்லுக்கும் ஆக்சிஜனும் மருந்தும் சமமாகக் கிடைக்கும். உடலில் அப்படியில்லை. ரத்தக்குழாயிலிருந்து 0.1, 0.2 மில்லிமீட்டர் தள்ளிப் போனாலே ஆக்சிஜன் தீர்ந்துவிடும். உள்ளே மூச்சுமுட்டிக் கிடக்கும் செல்கள் பிரிவதைக் குறைத்துக்கொள்ளும். வேகமாகப் பிரியும் செல்லைக் குறிவைக்கும் கீமோ மருந்துகளிடமிருந்து அப்படித்தான் தப்பும். தட்டில் ஜெயித்த மருந்து நோயாளியிடம் தோற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

செல்லின் சுற்றுப்புறத்துக்கு எவ்வளவு வலு உண்டு என்பதை அமெரிக்காவின் மினா பிஸ்ஸல் குழு 1997-இல் காட்டியது. ஜெல்லில் தாறுமாறாக வளர்ந்த மார்பகப் புற்றுச் செல்களின் மேற்பரப்பில் இருந்து சுற்றுப்புறத்தை உணரும் இன்டெக்ரின் என்ற புரதத்தை ஆன்டிபாடியால் அடைத்தார்கள். மரபணுக் கோளாறு அப்படியே இருக்க, செல்கள் ஆரோக்கியமான மார்பகத் திசுபோல ஒழுங்காக அடுக்கிக்கொண்டன! இந்தத் துறையில் இதைவிட என்னை உலுக்கிய சோதனை வேறில்லை. தட்டையான தட்டில் இந்த மாற்றம் கண்ணில் பட்டிருக்காது.

2009-இல் நெதர்லாந்தின் யூட்ரெக்ட் நகரில், ஹான்ஸ் கிளெவர்ஸின் ஆய்வகத்தில் தோஷிரோ சாட்டோ, எலிக்குடலின் ஒரேயொரு ஸ்டெம் செல்லிலிருந்து குட்டிக் குடலையே வளர்த்தார். விரைவில் மனிதக் குடல் புற்றும் அப்படி வளர்ந்தது. 2018-இல் லண்டன் ஆய்வாளர்கள், பரவிய குடல், இரைப்பைப் புற்றுநோயாளிகளின் ஆர்கனாய்டுகளில் மருந்துகளைச் சோதித்து, அதே நோயாளிகளுக்குக் கிடைத்த பலனோடு ஒப்பிட்டார்கள். ஆர்கனாய்டில் வேலைசெய்த மருந்து நோயாளிக்கும் பலித்தது 88 சதவீதம். ஆர்கனாய்டில் தோற்றது நோயாளியிடமும் தோற்றது, ஒன்றுவிடாமல். ஒப்பிட்டவர்கள் சிலரே. ஆனாலும் பலிக்காத கீமோவால் வாந்தியும் சோர்வுமாக வாரங்களை இழக்கும் ஒருவருக்கு இந்த இரண்டாவது விடைதான் பெரிது.

குறைகள் உண்டு. உருண்டைக்குள் ரத்தக்குழாய் இல்லை; நோய் எதிர்ப்புச் செல்களைத் தனியாகச் சேர்க்க வேண்டும். எல்லாருடைய கட்டியும் வளர்ந்துவிடுவதில்லை. மேட்ரிஜெல்லே எலியின் புற்றுக்கட்டியிலிருந்து எடுப்பதுதான். பால் போலவே அதன் தன்மையும் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். ஒரே நோயாளியின் செல்கள் இந்தப் பாட்டிலில் ஒரு மாதிரியும் அடுத்த பாட்டிலில் வேறு மாதிரியும் வளரக்கூடும். அதனால்தான் எலியே தேவைப்படாத செயற்கை ஜெல்களைப் பல ஆய்வகங்கள் இப்போது சோதித்துப் பார்க்கின்றன.