ஊர்விட்டு வந்தோரின் சிலை

மன்னர்க்கும் தலைவர்க்கும் சிலை எடுத்தல் உலக வழக்கு. வயிற்றுப்பாட்டின் பொருட்டு மூட்டை முடிச்சோடு ஊர்விட்டு ஊர் செல்லும் ஓர் ஏழைக் குடும்பத்துக்குச் சிலை எடுத்தவர் உண்டோ எனின், உண்டு. வங்காளத்துச் சாந்திநிகேதனில், கலாபவன வளாகத்தில் அச்சிலை நிற்கிறது. கணவன் தோளில் காவடி. அதன் கூடையொன்றில் குழந்தை. அருகே மனைவி, தலையில் கூடையும் இடுப்பில் மற்றொரு மகவுமாக நடக்கிறாள். வீட்டு நாயும் உடன் வருகிறது. ஆள் உயரத்திற்கும் மேலான இச்சிலைக்குச் 'சந்தால் குடும்பம்' என்று பெயர். 1938-ஆம் ஆண்டில் இதனைச் செய்தவர் இராம்கிங்கர் பைஜ்.

கரக்பூரில் வாழும் நம்மவர்க்கு அவ்வூர் தொலைவன்று. ஹௌரா சென்று வண்டி மாறினால், பர்த்வானைக் கடந்து, கானா சந்திப்பில் பிரியும் லூப் பாதையில் போல்பூர் வரும். ஹௌராவிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர். பலர் தாகூரின் இல்லத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். அங்குள்ள சிற்பங்களும் சுவர்ச் சித்திரங்களும் எவ்வாறு பிறந்தன என்பதை அறிந்து பார்த்தால் பயன் இருமடங்காகும்.

1901-இல் ரவீந்திரநாத தாகூர் அங்கே பள்ளி தொடங்கினார். 1919-இல் கலாபவனம் தோன்றியது. அதனை நெடுங்காலம் தலைமையேற்று நடத்தியவர் நந்தலால் போஸ். அவர் பிறந்த ஊரின் பெயரும் கரக்பூரே; ஆனால் அது பீகாரில் முங்கேர் மாவட்டத்தில் உள்ளது. வினோத் பிகாரி முகர்ஜி கல்கத்தாவை அடுத்த பேகாலாவிலிருந்து வந்தார். இராம்கிங்கர் பாங்குராவிலிருந்து 1925-இல் வந்தார். எனவே அக்கலைஞர்கள் அம்மண்ணில் பிறந்தவர் அல்லர்; வந்து சேர்ந்தவர்கள்.

வந்தவர்கள் என்ன செய்தனர்? அந்நாளில் அரசாங்கக் கலைப் பள்ளிகளில் ஐரோப்பியச் சிலைகளின் சுதை அச்சுகளைப் பார்த்து வரைவதே பாடம். கலாபவனத்திலோ ஆசிரியரும் மாணவரும் ஒருங்கே வாழ்ந்து, ஒருங்கே வெளியே நடந்து, கண்ணெதிரே கண்டதை வரைந்தனர். 'கோயாய்' எனப்படும் செம்மண் ஓடைப் பள்ளங்கள், பனைமரங்கள், சந்தால் மக்களின் குடிசைகள், சந்தைக்குச் செல்லும் மாட்டுவண்டிகள் ஆகியவையே அவர்கள் பாடநூல். நந்தலால் சிறு அட்டைகளில் அன்றாடக் காட்சிகளைத் தீட்டி மாணவர்க்கும் நண்பர்க்கும் அளித்து வந்தார்.

பொருளும் அந்நிலத்திலிருந்தே வந்தது. வெண்கலமும் பளிங்கும் வாங்கப் பெரும்பணம் வேண்டும். இராம்கிங்கர் இரும்புக் கம்பியால் கூடு கட்டி, அதன்மீது சிமெண்டும் அவ்வூர்ச் செம்புறாங்கற் சரளையும் கலந்து அப்பி, வெட்டவெளியிலேயே உருக் கொடுத்தார். அதனால்தான் அக்குடும்பம் அந்த நிலத்திலிருந்தே எழுந்து நடப்பதுபோல் தோன்றுகிறது. 1956-இல் அவர் செய்த 'ஆலைச் சங்கு' என்னும் சிற்பத்தில் இரண்டு பெண்கள் சங்கொலி கேட்டு அரிசி ஆலைக்கு விரைகின்றனர். ஈரச் சேலை காற்றில் பறந்து உலர்கிறது. பணிமனைச் சங்கு ஊதியதும் சைக்கிளை விரைந்து மிதிக்கும் நம்மவர்க்கு இதன் பொருளை விளக்கவும் வேண்டுமோ!

பலர் கை கூடிச் செய்த பணிகளும் உண்டு. 1934-இல் தொடங்கப்பெற்ற 'கரிய வீடு' மாணவர் விடுதியாகும். மண்சுவரில் மாணவரும் ஆசிரியரும் புடைப்புச் சிற்பங்கள் அமைத்து, மழைக்குக் கரையாதிருக்கத் தார் பூசினர். நம் மாமல்லபுரத்துச் சிற்பங்களின் சாயலையும் அங்கே காணலாம். மண்ணாலான வேலை ஆதலின் அவ்வப்போது தார் பூசிப் பேணாவிடில் நில்லாது. முன்னவர் செய்ததைப் பின்னவர் காக்கும் பொறுப்பும் அங்கே கல்வியின் ஒரு பகுதி.

இந்தி பவனத்தில் 1946-47-இல் வினோத் பிகாரி தீட்டிய அடியார் வரலாற்றுச் சித்திரம் மற்றொன்று. ஈரச் சுண்ணம் உலருமுன் வண்ணம் ஏற்றிவிட வேண்டும். பிறகு திருத்த இயலாது. நாள்தோறும் முடிக்கக்கூடிய அளவுக்கே சுண்ணம் பூசித் தீட்டும் இவ்வேலைக்கு மாணவர்கள் உடனிருந்து உதவினர். கபீர், துளசிதாசர், சூர்தாசர் ஆகியோரோடு நம் இராமாநுசரும் அச்சுவரில் இடம்பெற்றுள்ளார். பின்னாளில் வினோத் பிகாரி கண்ணொளியை முற்றும் இழந்தார். ஆயினும் 1972-இல் கலாபவனச் சுவருக்கு ஓடுகளால் ஒரு பெருஞ்சித்திரம் அமைத்தார்.

அவருக்கு உதவிய மாணவருள் ஒருவர் கே. ஜி. சுப்பிரமணியன். தமிழ்க் குடும்பத்தில், 1924-இல், மலபாரின் கூத்துப்பறம்பில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றபோது விடுதலைப் போரில் சிறை சென்று, 1944-இல் கலாபவனம் புகுந்தார். பிற்காலத்தில் அங்கேயே ஆசிரியராகி, வளாகத்துக் கட்டடம் ஒன்றன் சுவர்களைக் கறுப்பு வெள்ளைச் சித்திரங்களால் நிறைத்தார். 2009-இல், 85 வயதில், சாரத்தின்மீது ஏறி அவற்றைப் புதிதாகத் தீட்டினார். 2016-இல் மறைந்தார். 2023-இல் சாந்திநிகேதன் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாயிற்று.

நம் இல்லங்களில் பெரியோர் சொந்த ஊரை நினைத்து ஏங்குகிறோம். பிள்ளைகளோ அவ்வூரை விடுமுறையில் மட்டுமே கண்டவர்கள். அவர்களிடம் படம் வரையச் சொன்னால் நாட்காட்டியைப் பார்த்துக் கோபுரம் வரைகின்றனர். கோபுரம் வேண்டாம் என்பதன்று நம் கருத்து. தாம் பிறந்து வளரும் இடத்தையும் அவர்கள் கண்ணால் கண்டு வரைய வேண்டும் என்பதே. கரக்பூரின் மண்ணும் செம்மண்தான். சால மரமும், சிக்னல் கம்பமும், விடியலில் சுமையோடு நடைமேடையில் காத்திருக்கும் கூலிப் பெண்களும் நாள்தோறும் நம் கண்ணில் படுகின்றனர். சங்கத்தின் அடுத்த சித்திரப் போட்டிக்கு 'நாம் வாழும் இடம்' என்பதைத் தலைப்பாக வைக்குமாறு செயற்குழுவினரை வேண்டுகிறோம். குளிர்காலத்தில் சாந்திநிகேதன் செல்லும் அன்பர்கள் பிள்ளைகளுக்கு ஒரு வரைதாட் புத்தகமும் பென்சிலும் எடுத்துச் செல்வார்களாக. அந்தச் சந்தால் குடும்பத்தின் முன் அவர்களைச் சிறிது நேரம் அமரச் செய்வார்களாக.