எல்லை கடக்கும் நிரல்: ஆபத்தும் உரிமையும் தீர்வும்

பைத்தான், ஜாவா போன்ற நிரல்மொழிகளில் எழுதப்படும் மென்பொருள் பெரும்பாலும் அம்மொழிகளுக்குள்ளேயே முற்றுப்பெறுவதில்லை. படத்தை விரித்துக் காட்டுதல், தரவைச் சுருக்குதல், கடவுச்சொல்லை மறைகுறியாக்குதல் போன்ற கனமான வேலைகளை, 1970-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய சி மொழியில் எழுதப்பட்ட லைப்ரரிகளே, அதாவது பல நிரல்களும் பகிர்ந்துகொள்ளும் ஆயத்த நிரல்தொகுப்புகளே, செய்துதருகின்றன. ஜாவாவில் 1997 முதல் உடன்வரும் ஜேஎன்ஐ, பைத்தானில் 2006 முதல் உடன்வரும் சிடைப்ஸ் ஆகிய வசதிகள் இத்தகைய அயல்மொழி அழைப்புக்கான வாயில்கள். அழைக்கும் மொழி தரும் பாதுகாப்பு அவ்வாயிலோடு நின்றுவிடுகிறது என்பதை நிரல் எழுதுவோரும் அதைப் பயன்படுத்துவோரும் அறிந்திருப்பது அவசியம்.

ஆபத்து எங்கே பிறக்கிறது?

பத்து உறுப்புகள் கொண்ட பட்டியலில் பதினொன்றாவதைக் கேட்டால் பைத்தான் பிழை என்று அறிவித்து நிறுத்திவிடும். சி மொழியோ அந்தச் சோதனையைத் தானாகச் செய்யாமல், பக்கத்து நினைவகத்தில் எது இருக்கிறதோ அதையே படிக்கவும் அழிக்கவும் விட்டுவிடும். வாயிலிலேயே நேரும் பிழையும் உண்டு. சி நிரல் என்ன வகை விடை தரும் என்று தெரிவிக்கப்படாதபோது, சிடைப்ஸ் அதை ஒரு முழு எண்ணாகவே கருதிக்கொள்கிறது. அந்த எண்ணுக்கு வழக்கமாக 32 பிட் இடமே இருப்பதால், இன்றைய கணினியில் 64 பிட் அளவுள்ள நினைவக முகவரியொன்று விடையாக வந்தால் அதன் மேற்பாதி வெட்டுப்பட்டுப் போகிறது. முகவரி சிறியதாக இருக்கும் கணினியில் பிழையின்றி ஓடும் அதே நிரல், பயனாளரிடம் சென்றபின் எந்த எச்சரிக்கையுமின்றி நின்றுபோகலாம் என்பதால், சோதனையில் தேறியது மட்டுமே பாதுகாப்புக்குச் சான்றாகாது.

2023 செப்டம்பரில் வெளிப்பட்ட லிப்வெப்பி குறைபாடு இந்த ஆபத்தின் வீச்சைக் காட்டியது. வெப்பி வகைப் படங்களை விரிக்கும் இந்த சி லைப்ரரியில், சூழ்ச்சியாக அமைக்கப்பட்ட ஒரு படத்தைத் திறந்தாலே ஒதுக்கிய இடத்தைத் தாண்டி நினைவகத்தில் எழுத முடிந்தது. ஆப்பிள் பாதுகாப்புக் குழுவும் டொரன்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேபும் தெரிவித்த இக்குறைபாட்டைத் தாக்குநர்கள் ஏற்கெனவே பயன்படுத்தி வந்தனர் என்று கூகுள் அறிவித்தது. குரோம், பயர்பாக்ஸ் உலாவிகளோடு, படங்களைக் கையாளும் பைத்தானின் பில்லோ தொகுப்பும் பாதிக்கப்பட்டது. ஆயத்த வடிவில் வழங்கப்படும் பில்லோ தனக்குள் லிப்வெப்பியின் படியொன்றைச் சுமந்துவந்ததால், இயங்குதளத்தை மட்டும் புதுப்பித்தவர்களுக்கு அந்த ஓட்டை அடைபடவில்லை, பில்லோ 10.0.1 பதிப்பை நிறுவிய பிறகே அடைபட்டது. சி மொழியில் ஒரு வரிகூட எழுதாதவரின் நிரலும் சி மொழிப் பிழைக்கு ஆளாகும் என்பதே இதன் பாடம்.

உரிமைகள்

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 52-ஆம் பிரிவு, ஒரு நிரலை முறைப்படி வைத்திருப்பவர், தனியே உருவாக்கப்பட்ட மற்றொரு நிரல் அதனோடு இணைந்து இயங்கத் தேவையான தகவல் வேறு வழியில் எளிதில் கிடைக்காதபோது, அதனைப் பெற வேண்டிய செயல்களைச் செய்வது பதிப்புரிமை மீறலாகாது என்கிறது. திறமூல உரிமங்களுள் ஒன்றான குனு லெஸ்ஸர் பொது உரிமம் பெற்ற லைப்ரரியைத் தம் நிரலோடு இணைத்து வழங்குவோர், பயனாளர் அந்த லைப்ரரியைத் திருத்தி மீண்டும் இணைத்து இயக்க வழிவிட வேண்டும். ஆனால் திறமூல உரிமங்கள் பெரும்பாலும் எவ்வித உத்தரவாதமும் தருவதில்லை. எனவே இழப்பு நேர்ந்தால் யார் பொறுப்பு என்பதை மென்பொருளை விற்பவருடன் செய்துகொள்ளும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குவது நல்லது.

தீர்வுகள்

அயல்மொழி நிரலை அழைப்பவர், அனுப்பும் மதிப்புகளின் வகையையும் திரும்பும் விடையின் வகையையும் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். தரவின் நீளத்தை வாயிலைத் தாண்டுமுன் சரிபார்க்க வேண்டும். ஒதுக்கப்பட்ட நினைவகத்தை எந்தப் பக்கம் விடுவிக்கும் என்பதை ஆவணத்தில் எழுதிவைக்க வேண்டும். அறிமுகமற்றவர் அனுப்பும் கோப்புகளைக் கையாளும் சி நிரலை, அதிகாரம் குறைக்கப்பட்ட தனிச் செயல்முறையில் இயக்கினால், ஓட்டை இருந்தாலும் சேதம் அதற்குள் அடங்கும்.

மென்பொருள் வாங்கும் நிறுவனங்கள், அதனுள் அடங்கிய லைப்ரரிகளையும் அவற்றின் பதிப்பு எண்களையும் காட்டும் உறுப்புப் பட்டியலைக் கேட்டுப் பெற வேண்டும். இந்தியாவின் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் இதற்கான வழிகாட்டுதல்களை 2024-இல் வெளியிட்டுள்ளது; ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் மீள்திறன் சட்டப்படி, 2027 டிசம்பர் 11 முதல் தயாரிப்பாளர்கள் இப்பட்டியலை வரைந்து வைப்பது கட்டாயமாகிறது. குறைபாட்டைக் கண்டவர் அதனை முதலில் பொதுவெளியில் பரப்பாமல், லைப்ரரியைப் பராமரிப்போருக்கோ செர்ட்-இன் அமைப்புக்கோ தெரிவிப்பதே பொறுப்பான வழி.

நிரலைப் படிக்கத் தெரியாத பயனாளரின் கையிலும் ஒரு தீர்வு உண்டு: கைபேசியும் உலாவியும் பாதுகாப்புப் புதுப்பிப்பைக் கேட்கும்போது அதனை நாளைக்கென்று தள்ளிப்போடாமல் அன்றே நிறுவிக்கொள்ள வேண்டும்.